சரி பார்த்தேன்

முப்பத்தெட்டு ஆண்டுகள் மக்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திய மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த மக்களை அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

தெருவில் அவருக்கு 'நோட்டீஸ்' என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணே என்பார்கள். முதுகைத் திருப்பியதும் 'நோட்டீஸ் போறாரு' என்பார்கள். ஆலை வாசலில், பேருந்து நிலையத்தில், மழையில், தடியடியில் துண்டறிக்கை நீட்டி நீட்டியே நரைத்தவர். பள்ளியில் படித்தது ஐந்து வருடம். மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. அதனால் எந்த விஷயமும் அவருக்கு நான்கு பக்கத்துக்கு மேல் தெரியாது. ஆனால் அந்த நான்கு பக்கத்தில் அவரை அசைக்க ஆளில்லை.

அவர் கொடுத்த தாள்களை அடுக்கினால் மாடிக்கு ஏறிப் போகலாம். அத்தனையிலும் எத்தனை படிக்கப்பட்டன என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. 'விழித்தெழுவீர்' என்று கொட்டை எழுத்தில் அவர் போட்ட நோட்டீஸை முகத்தில் மூடிக்கொண்டு ஒருவன் பேருந்து நிலையத்தில் தூங்கினான். அதை அவரே கண்ணால் பார்த்தார். அன்றைக்கு விழுந்த அடி, தடியடியைவிட ஆழமானது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தவள் சுகாதார நிலையத்துச் செவிலி. தெருவுக்கு அவள் ஊசியம்மா.

"அண்ணே, பொதுமக்களுக்கு உடம்பைப் பத்தின தகவல் எவ்வளவு புரியுது, புரிஞ்சதை எவ்வளவு பயன்படுத்துறாங்கன்னு அளக்கச் சொல்லியிருக்காங்க. நாப்பது தாள் நிரப்பணும். எனக்குக் கால் ரெண்டும் தூணு மாதிரி வீங்கிக் கெடக்கு. வீடு வீடாப் போறதுக்கு உங்களை விட்டா யாரு?"

"அளக்குறதுக்கு என்ன இருக்கு? பூஜ்யம்னு எழுதிக்கோ."

"அப்படி எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்கண்ணே."

"ஒத்துக்கலைன்னா பூஜ்யத்துக்குக் கீழ எழுது. மாத்திரை அட்டையைக் கொடுத்தா அட்டையோட முழுங்குற ஜனம் இது. இவங்களுக்கு நான் முப்பத்தெட்டு வருஷம் எழுதினேன்!"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. ஆளுக்கு முன்னால் குரல் வருவது அந்த வீட்டு வழக்கம்.

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் நல்லாவே புரியும். புரியாதவரு ஒரே ஒருத்தருதான். அவருக்கு நான் சமைச்சுப் போடுறேன்."

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன் நோட்டீஸுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. சுகாதார நிலையத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். இனிப்பு கூடாது, மாத்திரை இரண்டு வேளை, உடனே ஒரு தடவையும் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் கண் பரிசோதனை. ஊருக்கெல்லாம் தாள் கொடுத்த மனிதர் தனக்குக் கிடைத்த அந்த ஒரே தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அண்டை கொடுத்தார். அதிலிருந்து மேசை ஆடவில்லை.

கண் டாக்டரிடம் போகலாம் என்று மனைவி கேட்காத நாளில்லை. "எனக்குக் கழுகுக் கண்ணு" என்று அவர் சொல்லாத நாளும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒன்று யாருக்கும் தெரியாது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து இடது கண்ணில் ஒரு கறை. மை சிந்தியது போல. எதைப் பார்த்தாலும் கறை அங்கே முந்திக்கொண்டு போய் நின்றது. வலது கண்ணிலும் எழுத்துகள் எறும்பு போல ஊரத் தொடங்கியிருந்தன. டாக்டர் சொல்லப்போவது என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்க எதற்குப் போக வேண்டும்?

"சரிங்க, பந்தயம் வெச்சுக்கலாம்" என்றாள் மனைவி, ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்து. "நாப்பதுல பாதிப் பேருக்கு மேல புரிஞ்சிருந்தா, நான் கூப்பிடுற அன்னிக்கு மூச்சுக் காட்டாம கண் டாக்டர்கிட்ட வரணும்."

"பாதிக்குக் குறைஞ்சா?"

"என் ஆயுசுக்கும் கண்ணு, சர்க்கரை, மாத்திரைன்னு வாயைத் திறக்க மாட்டேன்."

நோட்டீஸின் முகம் மலர்ந்தது. மக்கள் அவரைக் கைவிடாத ஒரு நேரம் உண்டென்றால் அது இதுதான். முட்டாள்தனத்தில் அவர்கள் அவரை என்றுமே ஏமாற்றியதில்லை.

"ஊசியம்மா, நீ சாட்சி."

அரசாங்கம் அச்சடித்த கேள்வித்தாளை ஊசியம்மாவே உரக்கப் படித்தாள். "'அறிவுறுத்தல்களைக் கடைப்பிடிப்பதிலுள்ள இடர்ப்பாடுகளைத் தரவரிசைப்படுத்துக.'"

"நிறுத்து! இது மனுஷன் பேசுற பாஷையா? இதைக் கேட்டா நோயாளி பொழைக்கவா முடியும்? கேள்வியை நான் எழுதுறேன்."

எழுதுவது என்றால் அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அவர் அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்துகொண்டே சொல்வார். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்த மனைவி, சமையல் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து அடிப்பாள். அடித்ததைக் கொண்டுவந்து "சரி பாருங்க" என்று நீட்டுவாள். அவர் சிவப்புப் பென்சிலால் பிழைகளைச் சுழித்துவிட்டு, அடியில் 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் ஒரு தாளும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. சிறையில் இருந்தபோதுகூட, சரி பார்க்க அங்கேயே அனுப்பச் சொன்னவர்.

ஐந்து கேள்விகளை முழங்கினார். 'மூன்று வேளை என்றால் எத்தனை மணிக்கு ஒரு தடவை?' 'காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தலாமா, கூடாதா?' இப்படி. தட்டச்சு தடதடத்தது. அவர் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தடதடத்தது.

"இன்னும் என்ன அடிக்கிறே?"

"இடம் விட்டு அடிக்கிறேன். பதில் எழுத வேணாமா?"

தாள் வந்தது. அவர் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் சாய்த்தார். எறும்புகள் ஊர்ந்தன. உதடுகளை அசைத்தார், உதடு அசைய வேண்டிய அளவு அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

"மூணாவது கேள்வியில ஒரு கேள்விக்குறி வேணுமே?"

"போட்டிருக்கேன்."

"ஆமா, போட்டிருக்கே." 'சரி பார்த்தேன்.' கையெழுத்து.

நகல் கடையில் நாற்பது பிரதி எடுத்தாள் மனைவி. விதிமுறையை அவரே வகுத்தார். "தாளைக் கையில கொடுப்பேன். அவங்களே படிக்கணும், அவங்களே எழுதணும், கீழே கையெழுத்துப் போடணும். நான் ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டேன். அப்பத்தான் அளவு சுத்தமா இருக்கும்."

"ரொம்ப நல்ல விதிங்க" என்றாள் மனைவி. அவள் அவரைப் பாராட்டியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தலைவர்களுக்குப் பாராட்டில் சந்தேகம் வருவதில்லை.

முதலில் டீக்கடை. டீக்கடைக்காரன் தாளை ஒரு தடவை படித்தான். அவரைப் பார்த்தான். மறுபடி படித்தான்.

"அண்ணே, இது நீங்க எழுதினதா?"

"பின்னே? ஒவ்வொரு எழுத்தும்."

"கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதேதான்."

"உண்மையைத்தான் எழுதணுமா?"

"உண்மையைத் தவிர வேற எதையும் எழுதக் கூடாது. என்னப்பா, பயமா இருக்கா?"

"எனக்கென்னண்ணே பயம். உங்களுக்குத்தான்..."

"நான் ஜெயிலுக்கே பயப்படாதவன். எழுதுப்பா!"

அவன் எழுதினான். எழுதிக்கொண்டே போனான். பாய்லர் கொதித்து வழிந்தது, அதையும் கவனிக்கவில்லை. கடைசியில் தாளை இரண்டு கையாலும் நீட்டினான். நோட்டீஸ் வழக்கமான டீயைக் கேட்டார். ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணியது.

"என்னய்யா, இனிப்பே இல்ல?"

"சர்க்கரை தீந்துபோச்சுண்ணே."

அவன் முழங்கைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பெரிய புட்டி இருந்தது. உப்பாக இருக்கும் என்று நோட்டீஸ் நினைத்துக்கொண்டார்.

அடுத்து ரொட்டிக்கடை. கடைக்காரப் பெண் தாளைப் படித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ மாமா, எனக்கு இது தெரியவே தெரியாதே!"

"தெரியாததைத்தான் அளக்கிறோம். எழுதும்மா."

எழுதி முடித்தாள். அவர் கிரீம் பன் கேட்டார்.

"இன்னிக்குப் போடலை மாமா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் போடலை."

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வரிசையாக வெளுப்பாய் ஏதோ இருந்தது. பஞ்சாக இருக்கும்.

தையல்காரன் தாளைப் பிடித்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "எத்தனை தடவைன்னு கேட்டிருக்கீங்களே அண்ணே, வாரத்துக்கா மாசத்துக்கா?"

மாத்திரையைக் கேட்கிறான். மாத்திரையை மாதத்துக்கு எத்தனை தடவை விழுங்குவது என்று கேட்கும் ஜனம்! நோட்டீஸ் வானத்தைப் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா."

"தெரிஞ்சது நிறைய இருக்குண்ணே. கூடுதலா ஒரு தாள் கிடைக்குமா?"

இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மாள் படித்து முடித்ததும் கண்ணைத் துடைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய மனசுங்க உங்களுக்கு. இந்த வயசுல இப்படி வெளிப்படையா ஊருக்கு முன்னால வந்து நிக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்."

"நான் எப்பவுமே வெளிப்படைதாம்மா."

"இனிமே எங்க வீட்டுக்குள்ள வந்தா நாங்க சிரிக்க மாட்டோம்."

எதற்குச் சிரித்தார்கள், எதற்கு இனிமேல் மாட்டார்கள், ஒன்றும் விளங்கவில்லை. இப்படியே மூன்று நாள். ஒருவர் சிரித்தார். ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒருவர் வீட்டில் தாளைக் குடும்பமே சுற்றி நின்று படித்தது. மருந்து சாப்பிடத் தெரியுமா என்று கேட்டால் அழுகிற, சிரிக்கிற, தட்டிக்கொடுக்கிற மக்கள். பந்தயத்தில் வெற்றி நிச்சயம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கீழே தெருவாசல் படியில் உட்கார்ந்தார். மடியில் நாற்பது தாள். வென்றவருக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். தெரு போய்விட்டது. டீக்கடை, தையல் கடை, போகிற வருகிற ஆட்கள், எல்லாம் அந்த ஒரு கறைக்குள் போய் விழுந்துவிட்டார்கள். கையை எடுத்தார். திரும்ப வந்தார்கள், முன்னைவிட மங்கலாக. அவருக்கு இருந்த சொத்து படிப்பதும் எழுதுவதும் மட்டும்தான். போகட்டும். படிக்காத ஜனத்துக்கு எழுதியவனுக்குக் கண் எதற்கு? இரண்டும் கணக்காகத்தான் தீர்கின்றன. அப்படி நினைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்கூடக் கிடைத்தது. ஆறுதலிலேயே மட்டமான ஆறுதல் அது.

மறுநாள் காலை ஊசியம்மா வந்தாள். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேசை கடகடவென்று ஆடியது.

"இது ஏன் ஆடுது?"

"அண்டையை நான் எடுத்துட்டேன்" என்றாள் மனைவி. "மூணு நாளா ஆடுது. நீங்கதான் வீட்டுல இல்லையே."

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "படி. முதல் கேள்வி, மூணு வேளைன்னா எத்தனை மணிக்கு ஒரு தடவை?"

"அது நீங்க சொன்ன கேள்வி" என்றாள் மனைவி, தாளைக் கையில் எடுத்து. "இது நான் அடிச்ச கேள்வி."

அலுவலகத்தில் சுற்றறிக்கை வாசிக்கும் குரலில் வாசித்தாள்.

"'அன்புள்ள தெருவினரே, எனக்குச் சர்க்கரை நோய். சுகாதார நிலையம் எனக்குச் சொன்னது இது. இனிப்பு கூடாது. மாத்திரை இரண்டு வேளை. கண் பரிசோதனை கட்டாயம். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். ஒன்று, நான் எதைச் சாப்பிடக் கூடாது? இரண்டு, அதை உங்களிடம் எத்தனை தடவை வாங்கிச் சாப்பிட்டேன்? மூன்று, எனக்குக் கண் தெரிகிறதா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நான்கு, இனி எனக்கு என்ன செய்வீர்கள்?'"

நோட்டீஸ் எழுந்து நின்றார். மேசை அவர் பக்கம் சாய்ந்தது.

"டீக்கடைக்காரர் எழுதியிருக்கார். 'ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சர்க்கரை. கண் தெரியவில்லை. போன மாதம் அவராகவே கை நீட்டி உப்பை எடுத்து டீயில் போட்டுக் கலக்கிக் குடித்தார். இதுதான் டீ என்றும் சொன்னார்.'"

"அது... அவன் மனசு நோகக் கூடாதுன்னு..."

"தையல்காரர். 'பேருந்து நம்பரைத் தினமும் என்னைப் படிக்கச் சொல்கிறார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்கிறார். அண்ணனுக்குக் கண்ணாடியே கிடையாது.' ரெண்டாவது தாள்ல இன்னும் ஆறு விஷயம் எழுதியிருக்கார், அப்புறம் வாசிக்கிறேன். இவங்க ரெண்டாம் மாடி அம்மா. 'மூன்றாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவதற்குப் பதில் எங்கள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாடு என்ன ஆச்சு என்று என் மாமியாரை அதட்டினார். மாமியாரும் பயந்துபோய்ப் பரிமாறிவிட்டார்.'"

"அன்னிக்குக் கொழம்பு நல்லா இருந்துச்சேன்னு நானே நெனைச்சேன்" என்று அவரை அறியாமல் வாய் சொல்லிவிட்டது.

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குத் தனியாக விசாரணை உண்டு என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

"நாலாவது கேள்விக்கு நாப்பது பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. இனிமே இனிப்பு கொடுக்க மாட்டோம், கண் டாக்டர்கிட்ட போகச் சொல்லுவோம். புரிஞ்சிருக்கு. புரிஞ்சதை உடனே செஞ்சும் காட்டியிருக்காங்க. உங்களுக்கு மூணு நாளா எங்கேயாவது சர்க்கரை கிடைச்சுதா?"

"நாப்பதுக்கு நாப்பது!" என்று ஊசியம்மா விரலை மடக்கினாள்.

"மோசடி! துரோகம்! கட்டின பெண்டாட்டியே கருங்காலி! இந்தத் தாள் செல்லாது."

"கீழ என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 'சரி பார்த்தேன்.' கையெழுத்து யாரோடது?"

மேசை மட்டும் ஆடியது.

"உங்களுக்குக் கண்ணு போகுதுன்னு எனக்கு எப்பத் தெரியும் தெரியுமா?" அவள் குரல் இறங்கியது. "முன்னெல்லாம் பக்கத்துக்கு மூணு பிழை பிடிச்சு, கூடவே என்னையும் ஒரு பிடி பிடிப்பீங்க. மழைக்காலத்துக்கு அப்புறம் ஒண்ணுகூடப் பிடிக்கலை. வேணும்னே தப்பா அடிச்சுப் பார்த்தேன். 'தொழிலாளிகளே'ன்னு நீங்க சொன்ன இடத்துல எல்லாம் 'முதலாளிகளே'ன்னு அடிச்சேன். சரி பார்த்தேன்னு போட்டுட்டீங்க."

"அது... அந்தக் கூலி உயர்வு நோட்டீஸா?"

"காலையில சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க விடியுறதுக்குள்ள அச்சகத்துல கொடுத்துட்டீங்க."

"அதை ஆலை வாசல்ல முந்நூறு பேருக்குக் கொடுத்தேனே! 'முதலாளிகளே, பொறுத்தது போதும்'னா? ஒருத்தன்கூட எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"படிச்சாத்தானேங்க சொல்லுவாங்க."

அவர் உட்கார்ந்தார். வாழ்க்கையில் பல இடங்களில் அவரை அடித்திருக்கிறார்கள். இப்படி யாரும் உட்கார வைத்ததில்லை.

திங்கட்கிழமை கண் மருத்துவமனை. ஒளியை அடித்துப் பார்த்தார் டாக்டர். சின்ன வயது. எழுதிக்கொண்டே பேசினார். "இடது கண் இனிமே திரும்பாதுங்க. எட்டு மாசம் முன்னால வந்திருந்தா பார்த்திருக்கலாம். உங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருப்பாங்களே? வலது கண்ணைக் காப்பாத்தலாம். மாசா மாசம் வரணும்."

மனைவி, நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நோட்டீஸுக்கு நன்றாக இருந்திருக்கும். சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவர் சட்டையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தபோது ஊசியம்மா வீங்கிய காலை இழுத்துக்கொண்டே வந்தாள். பின்னால் சுகாதாரத் துறை அதிகாரி. அவர் கையில் நாற்பது தாள்.

"நீங்கதானா அது!" அதிகாரி நோட்டீஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாங்களும் வருஷக்கணக்கா நோட்டீஸ் அடிக்கிறோம் சார், ஒரு ஆள் படிக்கிறதில்லை. இதை நாப்பது பேரும் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்க. படிச்சு, புரிஞ்சு, அதன்படி நடந்திருக்காங்க! இதே மாதிரி எல்லாத் தெருவுக்கும் கொடுக்கப்போறோம். என்ன எழுத்து சார்! சுருக்குனு குத்துது. கீழே உங்க கையெழுத்துதானே? நீங்கதானே எழுதினது?"

முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். நின்ற இடத்திலேயே நிமிர்ந்தார். சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். இருந்த ஒரு கண்ணும் பளபளத்தது. மேடையில் ஏறுவதற்கு முன்பு கனைப்பது போலத் தொண்டையைக் கனைத்தார்.

"எழுதினது நான் சார்" என்றாள் மனைவி. "இவரு விநியோகம் மட்டும்."